தாய் ஆவணமும் சேய் ஆவணமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவிலைத் தாண்டியபின் இணுவில் என்னும் ஊரை அடைவர். செம்மண் தோட்டங்களாலும், திருக்கோயில்களாலும், இசையாலும் பெயர்பெற்ற ஊர் அது. தவில் வாசிப்பால் ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே புகழ் நாட்டிய தட்சிணாமூர்த்தி 1933ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்தார். கலாக்ஷேத்திரத்திற் பயின்று, கீர்த்தனைகள் பலவற்றை இயற்றிய வீரமணி ஐயரும் இவ்வூரினரே. இவ்விருவருக்கும் நெடுங்காலம் முன்பே, பஞ்சவன்னத் தூது என்னும் நூலைப் பாடிய சின்னத்தம்பிப் புலவர் இங்கு வாழ்ந்தார்.

இத்தகைய ஊரொன்றின் கலைவரலாற்றை அறிய விரும்பும் மாணவர் ஒருவர் முன்னாளில் முதியோரை நாடினார், பழைய இதழ்களைப் புரட்டினார், சுவடிகளைத் தேடினார். இன்றைய மாணவர் கணினியின் முன் அமர்ந்து இரண்டு சொற்களைத் தட்டுகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. விரைவு பெரிது, ஐயமில்லை. ஆயினும், வந்த விடை வினாவுக்கு உரிய விடைதானா? இக்கேள்விக்கு விடை காணவேண்டின், தேடுபொறி ஆவணங்களை எவ்வாறு அடுக்கி வைக்கிறது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

தேடுபொறி என்பது உண்மையில் மிகப் பெரியதொரு சொல்லடைவே. நல்ல நூலொன்றின் இறுதியில், இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகிறது என்று அகரவரிசையில் அச்சிட்டிருப்பார்களல்லவா? அதனையொத்த அடைவு ஒன்றைத் தேடுபொறி ஒவ்வொரு சொல்லுக்கும் ஆக்கி வைக்கிறது. டக் கட்டிங் என்னும் அமெரிக்கர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட லூசீன் என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்வது. அதனை அடித்தளமாகக் கொண்டு சோலர், எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடுபொறிகள் எழுந்தன. நூலகங்களும் செய்தி நிறுவனங்களும் வாணிக நிலையங்களும் இவற்றைப் பயன்படுத்துகின்றன.

இவற்றுள் எலாஸ்டிக்சர்ச்சின் பிறப்பு சமையலறையோடு தொடர்புடையது. அதனை 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஷே பேனன் என்பார், சமையற்கலை பயின்றுவந்த தம் மனைவியின் சமையற் குறிப்புகளைத் தேடித்தரும் கருவியொன்றைச் செய்யப் புகுந்தே இத்துறையில் இறங்கினார். சமையற் குறிப்பையே சான்றாகக் கொள்வோம். குழம்பு ஒன்றுக்கு மிளகாய் பத்து, உப்பு ஒரு கரண்டி என எழுதியிருக்கிறது. தேடுபொறி இதனை வாங்கி, பொருள்கள் என்னும் பெட்டியில் மிளகாய், உப்பு என்பவற்றையும், அளவுகள் என்னும் பெட்டியில் பத்து, ஒன்று என்பவற்றையும் இட்டுவைக்கிறது. எந்த அளவு எந்தப் பொருளுக்கு உரியது என்னும் செய்தி அங்கே அறுந்துபோகிறது. பின்னர் ஒருவர், உப்புப் பத்துக் கரண்டி இடும் குழம்பு எது எனக் கேட்டால், தேடுபொறி தயங்காமல் இக்குழம்பையே காட்டும். உப்பும் உண்டு, பத்தும் உண்டு; அதன் கணக்கு அவ்வளவே.

குழம்பிலே நேர்ந்தால் இது நகைப்புக்கு உரியது. வரலாற்றிலே நேர்ந்தால் நகைப்பதற்கில்லை. மயிலாப்பூர்க் கற்பகாம்பாளைப் போற்றும் கற்பகவல்லி என்னும் புகழ்பெற்ற பாடலை இயற்றியவர் இணுவில் வீரமணி ஐயர்; பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். இப்பாடலைப் பட்டியலில் ஏற்றுவோர், பெயர்கள் என்னும் பகுதியில் இருவர் பெயரையும், பணிகள் என்னும் பகுதியில் இயற்றியவர், பாடியவர் என்பவற்றையும் எழுதுவர். முன்சொன்னவாறே பிணைப்பு அறுகிறது. வீரமணி என்பவர் பாடிய பாடல்கள் யாவை என ஒருவர் வினவினால், இப்பாடலும் விடையாக வந்துவிடும். தமிழ்நாட்டிலோ, ஐயப்பன் பாடல்களாற் புகழ்பெற்ற கே. வீரமணி என்னும் பாடகர் ஒருவரும் உளர். விடையைக் காணும் இளைஞர் ஒருவர் இணுவிலாரின் பாடலைச் சென்னைப் பாடகருக்கு உரியதாக எழுதிவிடுதல் மிக எளிது. அவ்வாறு எழுதியதைப் பிறர் எடுத்து எழுதுவர். பிழை மெய்போல நிலைத்துவிடும்.

பெயர் ஒற்றுமை இன்னும் பெரிய குழப்பத்தை விளைக்கும் இடமும் உண்டு. ஈழத்திலே சின்னத்தம்பி என்னும் பெயருடைய புலவர் இணுவிலிலும் வாழ்ந்தார், நல்லூரிலும் வாழ்ந்தார். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளை அந்தாதியையும் பறாளை விநாயகர் பள்ளினையும் பாடியவர். புலவர் பலரின் வரலாறுகளைத் திரட்டிய நூல் ஒன்றைத் தேடுபொறியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் அத்தகைய நூல்களுள் முற்பட்ட ஒன்று. நூல் முழுவதையும் ஒரே ஆவணமாகக் கொண்டு, புலவர் பெயர்களை ஓரிடத்திலும், ஊர்களை ஓரிடத்திலும், பாடிய நூல்களை ஓரிடத்திலும் குவித்தால், இணுவில், சின்னத்தம்பி, பள்ளு என்னும் மூன்று சொற்களும் ஒன்றாகப் பொருந்திவிடும். நல்லூரார் பாடிய பள்ளு இணுவிலாருக்கு உரியதாகிவிடும்.

யாழ்ப்பாணத்து வளவுகளை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒவ்வொரு வளவுக்கும் வேலி உண்டு. வேலிக்குள் இருக்கும் மாடும் கிணறும் பனையும் அவ்வீட்டாருக்கு உரியவை. ஊரிலுள்ள வேலிகளையெல்லாம் ஒரே நாளிற் பிடுங்கிவிட்டால் மாடுகள் குறைவதில்லை, பனைகளும் குறைவதில்லை. எது யாருடையது என்பதே தெரியாமற் போகும். தேடுபொறி தட்டையாக்கிய ஆவணத்தின் நிலையும் இதுவே. செய்தி எதுவும் தொலையவில்லை. உரிமை தொலைந்தது.

வேலியை மீண்டும் நடுவதற்கு ஒரு வழி உள்ளடக்கு ஆவண முறை. எலாஸ்டிக்சர்ச்சில் இதனை நெஸ்டெட் என்பர். இம்முறையில் பாடல் ஒரு தாய் ஆவணம். வீரமணி ஐயர், இயற்றியவர் என்னும் இணை ஒரு சேய் ஆவணம். சௌந்தரராஜன், பாடியவர் என்னும் இணை மற்றொரு சேய் ஆவணம். வெளியிலிருந்து பார்ப்போர்க்குப் பாடல் ஒன்றே தென்படும்; உள்ளேயோ மூன்று ஆவணங்கள் அடுத்தடுத்து நிற்கும். வினாவை எழுப்பும்போது, இந்தச் சேய்களுள் ஏதேனும் ஒன்றிலேயே பெயரும் பணியும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்று கேட்கப்படும். பொருந்தினால் அச்சேயின் தாய் விடையாக வரும். வீரமணி, பாடியவர் என்னும் இணை எந்தச் சேயிடத்தும் இல்லாமையால், கற்பகவல்லி அவ்வினாவுக்கு விடையாக வாராது.

சேயைக் கண்டதும் தாயைத் தேடுபொறி எவ்வாறு அறிகிறது? பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தை நேயர்கள் மனக்கண்ணிற் காணலாம். ஒவ்வொரு வகுப்பு மாணவரும் வரிசையாக நிற்க, வரிசையின் இறுதியில் வகுப்பாசிரியர் நிற்கிறார். அவருக்குப் பின்னே அடுத்த வகுப்பு தொடங்குகிறது. ஏதேனும் ஒரு மாணவனின் ஆசிரியர் யார் என அறிய, வரிசையிற் பின்னோக்கிச் சென்று முதலில் எதிர்ப்படும் ஆசிரியரைக் கண்டாற் போதும். லூசீனும் சேய்களை முன்னே நிறுத்தித் தாயை இறுதியில் நிறுத்துகிறது. தாய்கள் நிற்கும் இடங்களைத் தனியே குறித்தும் வைக்கிறது. ஒவ்வொரு சேயின் நெற்றியிலும் தாயின் பெயரை எழுதவேண்டிய தேவையில்லை. இதனாலேயே இம்முறை விரைவுடையது.

இவ்விரைவுக்கு விலையும் உண்டு. வரிசையின் நடுவே புதிய மாணவன் ஒருவனைச் செருக இயலாது. ஒருவன் சேர்ந்தாலும், ஒருவனுடைய பெயரைத் திருத்தினாலும், வகுப்பு முழுவதையும் கலைத்து மீண்டும் நிறுத்த வேண்டும். சேய் ஒன்றில் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினும், தாயும் சேய்களும் முழுமையாகப் புதிதாய் எழுதப்படுகின்றன. சேய்கள் அளவிறந்து பெருகுதலும் ஆகாது. எலாஸ்டிக்சர்ச் ஒரு தாய்க்கு 10,000 உள்ளடக்குச் சேய்கள் என இயல்பான வரம்பொன்றை வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

இனி வினாவை எழுப்பும் முறையிலே கவனிக்கவேண்டிய நுட்பங்கள் இரண்டு உள. முதலாவது, ஒரே சேயைப் பற்றிய வினாவையும் வெவ்வேறு சேய்களைப் பற்றிய வினாவையும் வேறு பிரித்தறிதல். வீரமணி ஐயர் இயற்றிச் சௌந்தரராஜன் பாடிய பாடல் வேண்டும் என்போர், நான்கு நிபந்தனைகளையும் ஒரே உள்ளடக்கு வினாவில் அடைத்தால் விடை எதுவும் கிடைக்காது. ஒரே சேய் இருவராக இருத்தல் இயலாதன்றோ? இயற்றியவரைப் பற்றி ஒரு வினாவும், பாடியவரைப் பற்றி மற்றொரு வினாவும் தனித்தனியே எழுப்பி, இரண்டும் பொருந்தும் தாயைக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது நுட்பம் இல்லை என்னும் சொல்லைப் பற்றியது. கச்சேரிகளின் பட்டியல் ஒன்றிலிருந்து, தட்சிணாமூர்த்தி பங்குகொள்ளாத கச்சேரிகளை ஒருவர் அறிய விரும்புகிறார். அவர் இல்லை என்னும் சொல்லை உள்ளடக்கு வினாவின் உள்ளே வைத்தால், தட்சிணாமூர்த்தி அல்லாத கலைஞர் ஒருவரேனும் இருக்கும் கச்சேரிகள் யாவும் வரும். தட்சிணாமூர்த்தி வாசித்த கச்சேரியிலும் நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் இருப்பாராதலின், வேண்டாத விடைகளே வந்து குவியும். இல்லை என்பதனை வினாவின் வெளியே வைத்து, தட்சிணாமூர்த்தி என்னும் சேய் எதுவும் இல்லாத தாய்கள் எவை எனக் கேட்டலே முறை. ஒரு சொல்லின் இடம் மாறப் பொருள் முழுவதும் மாறுவதைத் தமிழிலக்கணம் பயின்றோர் நன்கு அறிவர்.

இதுகாறும் கூறியது ஒரே வளவுக்குள் வாழும் தாய்ச் சேய்களைப் பற்றியது. வேறு வீடு கட்டிக்கொண்டு போன பிள்ளைகளும் உளரல்லவா? அவர்களுக்கென ஜாயின் என்னும் முறை அமைந்துள்ளது. இதிலே தாயும் சேயும் தனித்தனி ஆவணங்கள். சேய் தன் தாயின் அடையாள எண்ணைத் தானே தாங்கி நிற்கும். ஊர் நூலகம் ஒன்றிலுள்ள புத்தகத்தைத் தாயாகவும், அதனை வாசகர் இரவல் பெற்ற ஒவ்வொரு பதிவையும் சேயாகவும் கொள்ளலாம். புத்தகத்தைப் பற்றிய செய்தி ஆண்டுகள் பல கழிந்தும் மாறாது. இரவற் பதிவோ நாடோறும் மாறும். நெஸ்டெட் முறையைக் கைக்கொண்டால், ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தரும்போதெல்லாம் அப்புத்தகத்தின் வரலாறு முழுவதையும் திரும்ப எழுதவேண்டி வரும். ஜாயின் முறையில் அந்த ஒரு பதிவை மட்டும் திருத்தினாற் போதும்.

ஆயினும் இம்முறையிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய தேடுபொறி தன் அடைவினைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் வைத்திருக்கும். தாயும் சேயும் வேறு வீட்டில் வாழலாம்; வேறு ஊரில் வாழலாகாது. இருவரும் ஒரே துண்டில் இருத்தல் வேண்டும். அதன்பொருட்டுச் சேயைச் சேர்க்கும்போது தாய் இருக்கும் துண்டுக்கே அதனை வழிப்படுத்தி அனுப்ப வேண்டும். மேலும், வினா எழும் வேளையிலேயே தாயையும் சேயையும் இணைத்துப் பார்ப்பதால் இம்முறை நெஸ்டெட் முறையினும் மெதுவானது. நினைவகத்தையும் மிகுதியாகக் கொள்வது. சேய்கள் தாய்களினும் மிகப் பலவாய், அடிக்கடி மாறுவனவாய் இருக்கும் இடத்திலே மட்டும் இதனைக் கைக்கொள்ளுதல் தக்கது.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. அது மிக எளியது. தேடுவோர்க்கு எப்பொழுதும் வேண்டுவது கட்டுரையே, இதழன்று என்றால், ஒவ்வொரு கட்டுரையையும் தனி ஆவணமாக்கி, இதழின் பெயரையும் ஆண்டையும் அதன்மேற் படியெடுத்து எழுதிவிடலாம். ஒரே செய்தி பலமுறை எழுதப்படும். இடம் சிறிது கூடுதலாகும். ஆனால், வினாக்கள் எளிமையுறும். எம்முறை சிறந்தது என்பதனை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. மக்கள் கேட்கப்போகும் வினாவே தீர்மானிக்கிறது.

இவையெல்லாம் கணினி வல்லுநர்க்கு உரிய செய்திகள். ஊர் மக்களுக்கு இவற்றால் ஆவது என்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஆவது மிகப் பெரிது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பராயின. அதன்பின் வந்த போர் ஆண்டுகளில், இடம்பெயர்ந்த மக்களின் வீடுகளிலிருந்த ஏடுகளும் இதழ்களும் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி, படம்பிடித்து, எவரும் படிக்கும் வண்ணம் இணையத்தில் இடும் பணியை 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஆற்றிவருகிறது. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் நினைவு மலர்களும் அதில் இடம்பெற்றுள்ளன. இதழ்கள் பலவற்றின் பக்கத்திலே உள்ளடக்கம் என்னும் தலைப்பின்கீழ்க் கட்டுரைத் தலைப்புகளும் எழுதியோர் பெயர்களும் வரிசையாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

அந்த உள்ளடக்கப் பட்டியலே தாய்ச் சேய் உறவின் தெளிவான வடிவம். நா. பொன்னையா 1930ஆம் ஆண்டில் தொடங்கிய ஈழகேசரி 1958ஆம் ஆண்டு வரை வெளிவந்தது. டொமினிக் ஜீவாவின் மல்லிகை 1966ஆம் ஆண்டில் தோன்றி நாற்பதாண்டுகளுக்கு மேல் நடந்தது. இவற்றின் ஓரிதழிலே கவிதையும் கதையும் கட்டுரையும் கடிதமும் அடுத்தடுத்து வரும். இதழ் தாய், அவை ஒவ்வொன்றும் சேய். தலைப்பும் எழுதியவர் பெயரும் ஒரே வரியில் இணைந்து நிற்கும்வரை எவர் எதனை எழுதினார் என்பது பிழையாது. இரண்டையும் பிரித்துத் தனித்தனிக் குவியலாக்கினால், ஒருவருடைய கதை மற்றொருவர் பெயரிற் சென்று சேரும். தீயிலிருந்து தப்பிய படைப்பொன்று, தேடுவார் கைக்குத் தன் ஆசிரியர் பெயரை இழந்து வந்து சேருமாயின், அதனைக் காத்ததன் பயன் பாதியே.

தாய் ஆவணத்தை மட்டும் காட்டி நின்றுவிடுதலும் போதாது. நூறு பக்கம் கொண்ட மலர் ஒன்றை விடையாகத் தந்து, இதிலே எங்கோ இருக்கிறது, தேடிக்கொள்க என்றால், மாணவர் சோர்வுறுவர். வினாவுக்குப் பொருந்திய சேய் எது என்பதனையும் உடன் காட்டும் வசதி தேடுபொறியில் உண்டு. இன்னர் ஹிட்ஸ் என்பது அதன் பெயர். மலரின் பெயரும், அம்மலரிலே தவிற்கலை பற்றி எழுதப்பட்ட கட்டுரையின் தலைப்பும் ஒருங்கே திரையில் தோன்றும்.

இக்காலத்தே ஊர்தோறும் சனசமூக நிலையங்களிலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பழைய மலர்களையும் ஒலிநாடாக்களையும் பட்டியலிடும் முயற்சிகள் நிகழ்கின்றன. இப்பணியில் ஈடுபடும் இளைஞர்க்குத் தேடுபொறியின் நுட்பங்கள் யாவும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் தெரிந்திருத்தல் வேண்டும். கச்சேரி ஒன்றைப் பதிவு செய்யும்போது, கலைஞர்கள் என்று நான்கு பெயரை ஒரு கட்டத்திலும், நாதஸ்வரம், தவில் என்று மற்றொரு கட்டத்திலும் எழுதிவிடலாகாது. இன்னார் நாதஸ்வரம், இன்னார் தவில் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரி எழுதுதல் வேண்டும். நிழற்படமாயின், நிற்பவர் பெயரோடு அவர் நிற்கும் இடத்தையும் சேர்த்தே குறித்தல் வேண்டும். இணைத்து எழுதப்பட்டதைப் பின்னர் வேண்டியவாறு பிரிக்கலாம். பிரித்து எழுதப்பட்டதை இணைக்கும் ஆற்றல் எத்துணைப் பெரிய கணினிக்கும் இல்லை. இணைப்பை அறிந்த முதியவர் ஒருவர் உயிரோடிருந்தால் மட்டுமே அது கைகூடும்.

அம்முதியோர் இன்னும் சில ஊர்களில் உளர். எந்தத் திருவிழாவில் எவருக்குத் துணையாக எவர் தவில் வாசித்தார் என்பதனை நேரிற் கேட்டுச் சுவைத்தோர் அவர்கள். அவர்கள் சொல்லும்போதே பெயரையும் பணியையும் ஊரையும் ஆண்டையும் ஒரே வரியில் எழுதிவைத்தல் இன்று செய்யத்தக்க பணி. அவ்வாறு எழுதிய பட்டியல் எந்தத் தேடுபொறியிற் சேர்ந்தாலும், கேட்பவருக்கு உரிய விடையை உரியவர் பெயரோடு தரும்.